ஹிசனோவின் செவ்வாய்க்கிழமை

அமுதவல்லி எழுந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டாள். முகம் கழுவவில்லை. காபி குடிக்கவில்லை. உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டு, திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் அவளுக்கு விடிந்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் சைக்கிள் மிதித்து வந்தாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. மலையைக் குடைந்து, ரயில் ஓடாத பழைய சுரங்கப்பாதை ஒன்று. அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் போன செவ்வாய்க்கிழமை காலை.

"ஆரம்பிச்சிட்டாளா அந்த ஈசானி?" அடுப்படியிலிருந்து மாமியார் செல்வாம்பாள் குரல் கொடுத்தாள்.

அந்த ஜப்பான் பெண்ணின் பெயர் ஹிசனோ. செல்வாம்பாள் வாயில் அது நுழையவில்லை. அவளுக்கு ஈசானி.

"ம்."

"காபி ஆறுது."

"ம்."

முதலியார்பேட்டையின் அந்த ஓட்டு வீட்டில் ஐப்பசி மழையோடு நின்றுபோன பேச்சு, பங்குனி வெயில் வந்த பிறகும் இந்த அளவுக்குத்தான் திரும்பியிருந்தது. மழைக்காலத்தில் அமுதவல்லியின் கணவன் பிரேம்குமாருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாத்திரை போட்டான், ரசம் சாதம் சாப்பிட்டான், ஒரு நாள் வேலைக்குக்கூடப் போய்விட்டு வந்தான். பிறகு ஆஸ்பத்திரி, டெங்கு என்றார்கள். பிறகு இல்லை.

இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை.

பிரேம்குமார் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். காலாப்பட்டு யூனிவர்சிட்டி ஹாஸ்டல் பையன்களுக்கு அவன்தான் டாக்டர். அவர்களில் யாரோ கொடுத்த சிடி தட்டுகளில் இந்தத் தொடர் வீட்டுக்கு வந்தது. பேச்செல்லாம் ஜப்பான் பாஷை, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும்.

"இன்னாங்க இது, கார்ட்டூனு?" என்று அமுதவல்லி முதல் நாள் சிரித்தாள்.

"கார்ட்டூன்னு சொல்லாத, கோவம் வரும். அனிமே. ஒண்ணே ஒண்ணு பாரு. புடிக்கலன்னா நிறுத்திடறேன்."

நிறுத்தவே இல்லை. சாப்பாடு ஆனதும் தினம் ஒரு பாகம். அவள் இங்கிலீஷைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எழுத்து போய்விடும், அவன் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்லுவான். பதின்மூன்றாவது பாகத்தைப் பார்த்து முடித்த அன்று, "தலை வலிக்குது, படுத்துக்கறேன்" என்றான்.

அதற்குப் பிறகு அமுதவல்லி பதினாலாவதைப் போடவில்லை. பதின்மூன்று முடிந்ததும் ஒன்றுக்குத் திரும்பிவிடுவாள். மாசக்கணக்கில் இப்படி.

அழுகை மட்டும் வரவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள், பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கே அது தெரியும். மிளகாய் கடித்தால் காரம் தெரியவில்லை. வெந்நீர் கையில் பட்டுக் கொப்புளம் வந்தபோது, கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

அந்தப் படம் ஓடும்போது மட்டும் அடுத்தது என்ன என்று தெரிந்திருந்தது. தெரிந்ததே நடந்தது. அது போதுமாக இருந்தது.

சரிதா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரேம்குமாரின் தங்கை, காலாப்பட்டில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள்.

"காலேஜ் இல்லயா?" அமுதவல்லி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"போகல."

"ஏன்?"

சரிதா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "சும்மாத்தான், அண்ணி."

அமுதவல்லி மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

திரையில் ஹிசனோ படகுத்துறைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுடைய சிநேகிதன் தொமா படகில் போய்க் கடலில் மூழ்கிவிடுவான். அதைத் தடுக்கத்தான் அவள் திரும்பத் திரும்ப அந்த நாளுக்குப் போகிறாள். ஒரு தடவை படகை அவிழ்த்து விடுவாள், அவன் வேறு படகில் போவான். ஒரு தடவை அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவாள், அவன் ஜன்னல் வழியாகக் குதிப்பான்.

செல்வாம்பாள் வெண்டைக்காயும் அரிவாள்மணையுமாக வந்து வாசல்படி ஓரம் உட்கார்ந்தாள். இந்தக் கதை அவளுக்கும் மனப்பாடம்.

"இத்தனை வாட்டி போறாளே, அந்தப் புள்ளைகிட்ட நேரா சொன்னா இன்னா? நீ சாகப் போறடான்னு?"

"நாலாவதுல சொன்னாம்மா. அவன் சிரிச்சான்" என்றாள் சரிதா.

"சிரிக்கத்தான் செய்வான்." வெண்டைக்காயின் காம்பை நறுக்கித் தள்ளினாள். "நானா இருந்தா சொல்ல மாட்டேன். ஒண்ணும் மாத்தவும் மாட்டேன்."

"பின்ன எதுக்கும்மா போறது?"

"சும்மா ஒரு நாளு. எந்த நாளா இருந்தா இன்னா? அவன் தட்டுல சோறு போட்டுட்டு எதிர்ல உக்காந்திருப்பேன். அவன் பாட்டுக்குச் சாப்பிடட்டும். அவ்ளோதான்."

சரிதா குனிந்து தரையைப் பார்த்தாள். செல்வாம்பாளின் கை நறுக்கிக்கொண்டே இருந்தது.

அமுதவல்லி பேசுவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்க்கவில்லை.

"அவளுக்கு எந்த நாள்னு தெரியும் அத்தை. செவ்வாய்க்கிழமை. தெரிஞ்சதால போறா."

அரிவாள்மணையில் கை நின்றது.

"எனக்கு எந்த நாள்னே தெரியல. தலை வலிக்குதுன்னு சொன்னாரே, அன்னைக்கா? அன்னைக்குப் போய் நின்னாலும் யாருக்கு இன்னா தெரியும்? தலைவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரை குடுத்து அனுப்புவாங்க. வேலைக்குப் போன அன்னைக்கா? அன்னைக்கு நல்லாத்தான் இருந்தாரு, சிரிச்சாரு. எந்தக் கொசு கடிச்சதுன்னு போய்ப் புடிக்கிறது? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். நிக்கறதுக்கு ஒரு எடம் கெடைக்கல."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கடையில் என்ன சாமான் வாங்க வேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

செல்வாம்பாள் எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

வெயில் ஏறியதும் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அமுதவல்லியின் அண்ணன் மதிவாணன். அரியாங்குப்பத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். வேலை நாளில் கடையை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை.

"வாப்பா" என்றாள் செல்வாம்பாள். அந்தக் குரலில் ஆச்சரியம் இல்லை.

"நல்லாருக்கீங்களா அத்தை? மாமா?"

"தட்டாஞ்சாவடிக்குப் போயிருக்காரு. காலைல ஷிப்டு."

மாமனார் பலராமன், வேலை பார்த்த நூல் மில் மூடிய பிறகு அங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். மகன் போன பிறகு ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்.

மதிவாணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். தங்கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி தங்கையைப் பார்த்தான்.

"எளச்சிட்டியே அமுதா."

"அப்பிடியே தான் இருக்கேன்."

"துணியெல்லாம் எடுத்து வை. வீட்டுக்குப் போலாம். அண்ணியும் எப்ப வருவா எப்ப வருவான்னு கேட்டுக்குனே இருக்கா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... கொஞ்ச நாள் இருந்துட்டு வா. எடம் மாறினா மனசு மாறும்."

"நான் இங்கயே இருக்கேன் அண்ணா."

மதிவாணன் செல்வாம்பாளைப் பார்த்தான். அவள் தூணைப் பார்த்தாள். அவனால் பொறுக்க முடியவில்லை.

"நீங்களே சொல்லுங்களேன் அத்தை. நீங்கதானே போன் பண்ணி வரச் சொன்னீங்க?"

பதினோராவது பாகத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரிதா எழுந்து சத்தத்தைக் குறைத்தாள். இதற்காகத்தான் இன்று அவள் காலேஜ் போகவில்லை.

"நீங்களா கூப்பிட்டீங்க?" என்றாள் அமுதவல்லி.

"ஆமா."

"நான் பாரமா இருக்கேனா?"

"பாரமா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்." செல்வாம்பாள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "காலைல எழுந்துக்கற, இதைப் போடற. முடிஞ்சா திரும்பப் போடற. வெளியில வெயிலடிக்குதா மழை பெய்யுதான்னு உனக்குத் தெரியல. நானும் வந்து வந்து உக்காந்துக்கறேன். நான் கெழவியாவறேன், பரவால்ல. உனக்கு இன்னா வயசு?"

கோபம் வர வேண்டும் என்று அமுதவல்லிக்குத் தோன்றியது. வரவில்லை. யாருக்கோ நடக்கிற பேச்சுபோல இருந்தது.

"சரி. போறேன்" என்றாள்.

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று யாரும் நினைக்கவில்லை. மதிவாணன்கூட எழுந்திருக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

"பதினாலைப் பாத்துட்டுப் போறேன். போடு சரிதா."

சரிதா இரண்டாவது தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டாள்.

நான்கு பேரும் பார்த்தார்கள். மதிவாணனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். சரிதா இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சுரங்கத்திலிருந்து ஹிசனோ வெளியே வருகிறாள். அதே காலை, அதே கடல். அதே திருப்பத்தில் தொமாவின் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். இத்தனை பாகத்திலும் அந்த அம்மா அங்கேதான் நின்றிருக்கிறாள். ஹிசனோ ஒவ்வொரு தடவையும் அவளைக் கடந்து வேகமாகப் போய்விடுவாள்.

இந்தத் தடவை அந்த அம்மா திரும்பினாள். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

சரிதா படிக்கவில்லை.

"இன்னாடி சொல்றா?" என்றாள் செல்வாம்பாள்.

"இன்னைக்கும் வந்துட்டியாம்மான்னு கேக்கறாங்க."

ஹிசனோவின் சைக்கிள் கீழே விழுந்தது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்போ அவங்க அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதா?" செல்வாம்பாள் முன்னால் நகர்ந்து வந்தாள். "இவ ஒவ்வொரு வாட்டி திரும்பிப் போறப்பவும், அவளுக்கும் அந்த நாளு திரும்ப வருதா?"

"ஆமாம்மா. அப்பிடித்தான் போல."

"ஒவ்வொரு வாட்டியும் அவ புள்ள சாவறதைப் பாத்துட்டா இருக்கறா?"

பாகம் முடிந்து எழுத்துகள் மேலே போயின.

அமுதவல்லி எழுந்து உள்ளே போய்ப் பையில் துணி வைத்தாள். நான்கு புடவை, சீப்பு, ஒரு துண்டு. வேறு என்ன எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் வெளியே வந்தபோது செல்வாம்பாள் எதையோ சொல்ல வாயெடுத்து, வெண்டைக்காய்ப் பொரியலை ஒரு டிபன் டப்பாவில் போட்டு நீட்டினாள்.

"அங்க போனதும் சாப்புடு."

"சரி அத்தை."

ஸ்கூட்டரில் போகும்போது அண்ணன் ஏதேதோ பேசினான். கடையில் வியாபாரம் பரவாயில்லை, பக்கத்து மனை விலைக்கு வருகிறது, தெருவில் புதுசாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். முருங்கப்பாக்கம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று அடித்தது. ஆற்றில் படகுகள் கட்டிக் கிடந்தன. அமுதவல்லி படகுகளைப் பார்த்தாள். தொமாவின் அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. இவ்வளவு மாதமும் செல்வாம்பாள் காலையில் வந்து வாசல்படி ஓரம் உட்காருவது கதை கேட்கத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டர் பிரேம்குமார் தன் கையால் சேர்த்துப் பொருத்தியது. அதன் எதிரில் கிடக்கும் நாற்காலி அவனுடையது. தான் கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அவன் அம்மா எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

யோசனை அதற்கு மேல் போகவில்லை. பாலம் முடிந்துவிட்டது.

அண்ணன் வீட்டு வாசலில் அறிமுகமில்லாத செருப்புகள் கிடந்தன. ஒரு ஆண் செருப்பு, ஒரு வயசான பெண் செருப்பு.

அண்ணி தீபலட்சுமி ஓடி வந்து கையைப் பிடித்துப் பக்கவாட்டு வழியாக உள்ளே இழுத்தாள். "வா வா. முகத்தைக் கழுவிக்க. இந்தப் புடவை வேணாம், கட்டில் மேல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். சீக்கிரம்."

"யாரு வந்திருக்காங்க?"

"நம்ம மனுஷங்கதான். நீ மொதல்ல முகத்தைக் கழுவு."

கட்டில்மேல் பச்சைப் பட்டுப் புடவை இருந்தது. அதன்மேல் ஒரு முழம் மல்லிகைப் பூ.

அமுதவல்லி பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்துக்குக் கீழே எங்கேயோ சூடாக ஏதோ கிளம்பியது. அது என்னவென்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. கோபம்.

கையில் டிபன் டப்பாவோடு, கலைந்த தலையோடு, அப்படியே கூடத்துக்கு நடந்தாள். "அமுதா!" என்று அண்ணி பின்னாலேயே வந்தாள்.

கூடத்தில் முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு ஆள் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. மதிவாணன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் அமுதவல்லி" என்றாள். "என் வீட்டுக்காரரு செத்து ஆறு மாசம்கூட ஆகல. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

அந்த ஆள் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் பெயர் சக்கரபாணி. தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை. மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது.

"இன்னாம்மா இது?" என்று அம்மாவிடம் திரும்பினான். "அவங்க சம்மதிச்சிட்டாங்கன்னு சொன்ன?"

"அப்பிடித்தாண்டா சொன்னாங்க."

"யாரு சொன்னது? எங்க அண்ணனா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"உங்க அண்ணன் இல்லம்மா." அவன் அம்மா கன்னியம்மாளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "உன் மாமியாரு. செல்வாம்பா. நான் கன்னியம்மா. நாங்க ரெண்டு பேரும் மில்லுல ஒண்ணா நூலு இழுத்தவங்க. போன மாசம் என் வீடு தேடி வந்தா. எம் மருமவளுக்கு உன் புள்ளையைக் கேட்டு வந்திருக்கேன், அவளும் ஒத்துக்கிட்டான்னு சொன்னா. சொல்லிட்டு, என் மடியில தலைய வச்சுக்குனு அழுதா."

சக்கரபாணி எழுந்துவிட்டான். "மன்னிச்சிடுங்க. எங்களுக்குத் தெரியாது. அம்மா, எழுந்திரு, போலாம்."

"அண்ணா, போனைக் குடு" என்றாள் அமுதவல்லி.

மதிவாணன் எடுத்துக் கொடுத்தான். முதலியார்பேட்டை வீட்டு நம்பரை அழுத்தினாள். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் செல்வாம்பாள் எடுத்துவிட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் மாதிரி.

"போய்ச் சேந்துட்டியா? சாப்புட்டியா?"

"இங்க கன்னியம்மாள்னு ஒருத்தங்க வந்திருக்காங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் அமுதவல்லியே கேட்டாள்.

"என்கிட்ட ஏன் கேக்கல அத்தை? நான் ஒத்துக்கிட்டேன்னு எப்பிடிச் சொன்னீங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" குரல் உயர்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தன் குரல் தன் காதில் விழுந்தது அவளுக்கு.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்! அதுக்கு?"

"நான் சரின்னு விட்டிருப்பேன், அமுதா." செல்வாம்பாளின் குரல் உடைந்தது. "நீ போவ மாட்டேன்னு சொன்னா, எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். அதான் கேக்கல."

அமுதவல்லியின் கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. கையால் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது, சுட்டது.

வாசலில் சக்கரபாணி குனிந்து தன் அம்மாவுக்குச் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அமுதவல்லி வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க, பேசிட்டுப் போலாம்" என்று கிளம்பியவர்களிடம் சொன்னாள்.